என் மகளின் ஸ்காட்லாந்து அம்மா

இந்த நாட்டில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியவர்கள் நிறையப் பேர். எங்களுக்குப் பின்னால் வந்து எங்களுக்கு முன்னால் க்ரீன் கார்டு வாங்கியவர்கள், எங்கள் ஊர் சான் ரமோனில் விலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டை வாங்கிப் போட்டவர்கள், எந்த டயட்டும் இல்லாமல் ஒல்லியாக இருப்பவர்கள். அவர்களையெல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். மன்னிக்கவே முடியாமல் கிடந்தது ஒருத்தியை மட்டும்தான். அவளுக்கு இருபது வயது. செம்பட்டை முடி, மூக்கெல்லாம் புள்ளி புள்ளி. ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில், ஐந்நூறு அறுநூறு வருஷப் பழைய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் பெற்ற ஒரே மகள் அவளை அம்மா என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முதலில் என் மகள் அங்கே ஏன் போனாள் என்று சொல்லவேண்டும். எல்லாருமே கேட்டார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக்கில் தயிர்சாதத்தைத் தட்டில் போடும்போதே கேட்டார்கள்: "ஸ்காட்லாந்தா? ஏன், இங்க எதுவும் கிடைக்கலியா?" கிடைத்தது. ஒரு மணி நேர டிரைவில் நல்ல இடமாகவே கிடைத்தது. ஆனால் அவள் ஏதோ ஒரு வீடியோவில், சிவப்பு அங்கி போட்ட மாணவர்கள் கடலுக்குள் நீண்டு போகும் கல் பாலத்தில் வரிசையாக நடப்பதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். "அம்மா, அங்க சர்ச் முடிஞ்சு எல்லாரும் அப்படி நடப்பாங்க, நூறு நூறு வருஷமா" என்றாள். அவள் பேசுவது முழுக்க ஆங்கிலம். நான் கேட்பது தமிழில்தான் என்பதால் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். கோயமுத்தூரில் நான் படித்த கல்லூரியிலும் வரிசையில் நடந்திருக்கிறோம், பீஸ் கட்டுவதற்கு. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரியின் மகன் பக்கத்துக் காலேஜிலேயே சேர்ந்தான். வாரக் கடைசியானால் ஒரு பெரிய நீலப் பையில் அழுக்குத் துணியை அமுக்கிக்கொண்டு வந்து இறங்குவான். அவள் வாசலில் நின்று, "வந்துட்டான் பாருங்க, எனக்குன்னு ஒரு மூட்டையோட" என்று அலுத்துக்கொள்வாள். அலுப்பா அது? ஒவ்வொரு சொல்லிலும் பெருமை வழியும். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அந்தப் பையைப் பார்ப்பேன். அழுக்குத் துணியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பொம்பளை இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் மகள் போன முதல் அக்டோபரில் ஒரு காலை, எனக்கு எட்டு மணி, அவளுக்குச் சாயங்காலம். ஆபீசுக்கு இட்லியை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும் சொல்கிறாள்: "அம்மா, ஐ காட் அடாப்டெட்!"

டப்பா மூடி கீழே விழுந்தது. "என்னடி சொல்ற?"

விளக்கினாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள், புதிதாக வரும் முதலாண்டுக் குழந்தைகளைத் தத்து எடுத்துக்கொள்வார்களாம். ஒரு அம்மா, ஒரு அப்பா. இருவரும் காதலர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. 'நாம் சேர்ந்து பிள்ளைகளை வளர்ப்போமா' என்று என்றைக்காவது கேண்டீனில் பேசி வைத்துக்கொண்டால் போதும். ஊரைச் சுற்றிக் காட்டுவது, வாரக் கடைசியில் சமைத்துப் போடுவது, எந்தப் பேராசிரியர் எப்படி என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"உனக்குத்தான் அம்மா இருக்கேனே" என்றேன்.

"நீ நிஜ அம்மா. இது காலேஜ் அம்மா. ரொம்ப ஸ்வீட்டா இருக்கா. இன்னிக்கு எனக்கு சூப் வெச்சுக் குடுத்தா."

சூப்பாம். தண்ணீரில் காய்கறியை வேகவைத்தால் சூப்.

இவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "சக்களத்திச் சண்டை பாத்திருக்கேன். ரெண்டு அம்மாவுக்குள்ள சண்டைய இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

"சும்மா இருங்க நீங்க. அங்க ஒரு அப்பாவும் இருக்கான், தெரியுமல்ல?" என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் ஆண்களுக்கு இதெல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

நான் விடவில்லை. எதிரியைத் தெரிந்துகொள்ளவேண்டாமா? ஆபீசில் மதியம் எல்லாரும் கட்டடங்களைச் சுற்றி நடை போவார்கள். நான் காருக்குள் உட்கார்ந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் படித்தேன். மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இந்த வழக்கத்தில் எங்கே ஓட்டை என்று பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் 'நான்தான் போப், நீ இல்லை' என்று ஒன்றுக்கு மேற்பட்ட போப்புகள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் படிப்பதற்கு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள்; போரும் இந்தச் சண்டையும் சேர்ந்து அது கஷ்டமாகிவிட்டது. சரி, நம் ஊரிலேயே தொடங்குவோம் என்று தொடங்கினார்கள். யாரும் மதிக்காத ஒரு போப்பிடம் போய் அனுமதி வாங்கிக்கொண்டார்கள். அனுமதி வந்து சேர்ந்த அன்றைக்கு ஊரெல்லாம் மணி அடித்து, தெருவில் நெருப்பு மூட்டி, விடிய விடியக் கொண்டாட்டம். இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் வெளியூர் போகாமல் பக்கத்திலேயே படிக்கட்டும் என்று ஆரம்பித்த இடம் அது! அங்கே என் பிள்ளை கலிபோர்னியாவை விட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

மேலே படித்தேன். அந்தக் காலத்தில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களெல்லாம் வந்து படித்திருக்கிறார்கள். சாராயக் கடைக்குள் புகுந்தால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியட்டும் என்றுதான் சிவப்பு அங்கி என்று ஒரு கதை. அந்தத் தத்து வழக்கம் எப்போது தொடங்கியது என்று மட்டும் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எல்லாரும் 'ஆதி காலத்திலிருந்து' என்றே எழுதி வைத்திருந்தார்கள். பிறகுதான் எனக்கு வேண்டியது சிக்கியது. நானூறு வருஷத்துக்கும் மேலாக அந்த இடத்தில் பெண்களைச் சேர்க்கவே இல்லை! அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இவரிடம் கத்தினேன். "நானூறு வருஷமா பொம்பளையே இல்லாத எடத்துல, ஆதி காலத்து அம்மா எங்கிருந்து வந்தா? புளுகு!"

"மெயில் போட்டுக் கேளு" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நவம்பரில் இந்தத் தத்துக் குடும்பங்களுக்கென்றே ஒரு பண்டிகை வந்தது. அம்மாக்காரி தன் பிள்ளைக்கு வேஷம் போட்டு, ஒரு பெரிய முற்றத்துக்கு அனுப்பி வைப்பாள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் சோப்பு நுரையை அடித்துக்கொள்வார்கள். என் மகள் படம் அனுப்பினாள். அட்டைப்பெட்டியை வெட்டிச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, அவளைத் தபால் பெட்டியாக்கி இருந்தாள் அந்தப் பெண். தலையில் கறுப்பு மூடி. கன்னமெல்லாம் நுரை. வாயெல்லாம் பல். ஆறாம் வகுப்புக்கு அப்புறம் நான் ஒரு பாவாடையைக் கையில் எடுத்தால் வாஷ்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள். தீபாவளிக்கு ஒரு முழம் பூ வைத்துக்கொள் என்று கெஞ்சியிருக்கிறேன். பூ ஆகாதாம், அட்டைப்பெட்டி ஆகுமாம்.

அடுத்த படம்தான் என்னைக் கொன்றது. பிள்ளைகள் தங்கள் காலேஜ் அம்மா அப்பாவுக்கு நன்றிக்கடனாக உலர்ந்த திராட்சை கொடுப்பது பழைய வழக்கமாம். இப்போது எல்லாரும் ஒயின் பாட்டில் கொடுக்கிறார்கள். என் மகள், நான் ஒழுங்காக வளர்த்த மகள், நிஜத் திராட்சையே வாங்கிக் கொடுத்திருக்கிறாள். படத்தில் இருவரும் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். என் மகளின் கன்னம் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது.

அவள் திராட்சை தொடமாட்டாள். பால் குடி மறந்த நாளிலிருந்து தொடமாட்டாள். பாயசத்தில் ஒன்று விழுந்திருந்தாலும் நோண்டி எடுத்துத் தட்டு ஓரத்தில் வைப்பாள். அவளுக்காகவே என் வீட்டுப் பாயசத்தில் முந்திரி மட்டும்தான். விருந்தாளிகள், "என்னங்க திராட்சை போடலியா?" என்று கேட்டால், "எங்க பாப்பாவுக்குப் பிடிக்காதுங்க" என்பேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனோ தெரியாது. திராட்சையேதான்.

வசந்த காலத்தில் இன்னொன்று. அந்த ஊர்த் தெருவில் ஓரிடத்தில் கல்லில் எழுத்துப் பொறித்திருக்கிறது. மதச் சண்டையில் ஒரு இளைஞனை உயிரோடு எரித்த இடம். அதை மிதித்தால் பரீட்சையில் ஊற்றிக்கொள்ளும் என்பது மாணவர்கள் நம்பிக்கை. பரிகாரம், மே மாதம் முதல் நாள் விடிகாலையில் கடலில் முங்குவது. என் மகள் அவசரத்தில் மிதித்துவிட்டாள். அந்தப் பெண் விடிகாலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பச்சைத்தண்ணீரில் முக்கி எடுத்திருக்கிறாள். எல்லாம் முடிந்து, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் படம்தான் எனக்கு வந்தது.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா சுத்திப் போட்டிருப்பேனல்லடி?" என்றேன்.

"இப்ப போடேன்" என்றாள்.

கல் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு லேப்டாப் முன் நின்றேன். திரையில் அவள் முகத்தை மூன்று சுற்று சுற்றினேன். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளைக் கண்ணு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணையும் என் பெண்ணையும் பார்த்து எரிகிற கண் உலகத்தில் யாருடையது? என்னுடையதுதான். அடுப்பில் போட்ட மிளகாய் வெடித்து, ஸ்மோக் அலாரம் அலறி, இவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். என் மகள் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாம் வருஷம் முடிந்த கோடையில், அந்தப் பெண் பட்டம் வாங்கின கையோடு, என் மகளுடன் சான் ரமோனுக்கே வந்து இறங்கினாள். குறை கண்டுபிடிக்க நான் தயாராக இருந்தேன். பாழாய்ப்போனவள் ஒரு குறை வைக்கவில்லை. வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள். 'ஆன்ட்டி' என்று அழகாகக் கூப்பிட்டாள். வெயிலில் மூக்கு தோலுரிந்து, மோர்க்குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். தட்டைத் தானே கழுவினாள், என் மகள் இந்த வீட்டில் ஒரு நாளும் செய்யாத காரியம். எனக்கு இன்னும் கடுப்பாகத்தான் இருந்தது.

வந்தவளுக்காகப் பாயசம் வைத்தேன். என் மகள் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "அம்மா, திராட்சை இல்லையா?" என்றாள்.

"நீதான் சாப்பிடமாட்டியே."

"இப்ப சாப்பிடுவேனே" என்றாள், சாதாரணமாக. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அந்தப் பெண் ஊருக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இதே ஏர்போர்ட்டில் முதல் வருஷம் என் மகளை ஏற்றிவிட்டபோது நான் அழுதேன். அவள், "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். திரும்பி வரும்போது காரில் நானும் என் மகளும் மட்டும். பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்: "அப்படி என்னடி செஞ்சுட்டா அவ உனக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். முதல் வருஷம் குளிர்காலத்தில் அங்கே மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடுமாம். அவளுக்குத் தினமும் அழுகை. கிளாசுக்குப் போகப் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. அந்தப் பெண் தன் அறைத் தரையில் மெத்தை போட்டு வாரக்கணக்கில் இவளைப் படுக்கவைத்துக்கொண்டாளாம். எழுப்பி, முகம் கழுவவைத்து, கிளாஸ் வாசல்வரை கொண்டுபோய் விட்டாளாம்.

"நான் தினம் பேசினேனே? சிரிச்சுட்டே இருந்தியே?"

"உன்கிட்ட பேசறதுக்கு முன்னாடி முகம் கழுவிப்பேன்."

ஃப்ரீவேயில் இறங்கவேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன். "ஏன்டி கண்ணு என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அன்னிக்கே டிக்கெட் போட்டுடுவே. நான் வந்துடுவேன். திரும்பிப் போகவே மாட்டேன்."

போட்டிருப்பேன். போனை வைப்பதற்குள் போட்டிருப்பேன். அது தெரிந்தும் எனக்கு நன்றி வரவில்லை, நெஞ்சு எரிந்தது. நான் பெற்ற பிள்ளை அழுதிருக்கிறாள், எவளோ ஒருத்தி கண்ணைத் துடைத்திருக்கிறாள். அந்த இடம் என்னுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

என் மகள் மூன்றாம் ஆண்டுக்குப் போனாள். இப்போது அவள் முறை. தத்து எடுத்தாள். முதலாண்டுப் பெண், நியூஜெர்சி எடிசனிலிருந்து வந்தவள், தமிழ்க் குடும்பம். "தாத்தா ஆயிட்டேன்" என்று இவர் ஆபீசில் எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டு வந்தார். நான் சிரித்துக்கொண்டேன். அந்த எடிசன் அம்மாவைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை.

குளிர்காலத்தில் ஒரு காலை போன். "அம்மா, ரசப்பொடி இல்லாம ரசம் வைக்கமுடியுமா?"

என்னவென்று கேட்டேன். குரலைத் தணித்துக்கொண்டாள். அந்தக் குழந்தைக்குச் சரியில்லை. அழுதுகொண்டே இருக்கிறாள், சாப்பிடவில்லை, இப்போது தன் அறைத் தரையில்தான் படுத்திருக்கிறாள் என்றாள். டாக்டரிடம் கூட்டிப் போய்க் காட்டியாகிவிட்டது, மெதுவாகச் சரியாகும் என்றிருக்கிறார்கள். "அவ அம்மா உன் நம்பர் கேட்டாங்க. ஆன்ட்டிகிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது? குடுத்துட்டேன். கால் பண்ணுவாங்க. ப்ளீஸ், சொல்லிடாதே. அவங்க வீட்லயும் டிக்கெட் போட்டுடுவாங்க. நான் உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

உன்கிட்ட மட்டும்தான். இந்தச் சொல்லுக்காகத்தான் நான் இத்தனை நாள் காய்ந்து கிடந்தேன். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுச் செய்கிற ரசத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது காரை எந்த வரிசையில் விட்டேன் என்றே நினைவில்லை. மறுநாள் காலை மெசேஜ் வந்தது: ரசம் நன்றாக வந்தது, அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்று மதியம், காருக்குள் சாப்பிட உட்கார்ந்தபோது நியூஜெர்சி நம்பர்.

"ஹலோ, நான் எடிசன்லேர்ந்து பேசறேன். உங்க பொண்ணு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல... என் பொண்ணுக்கு அம்மாவாமே?"

"ஆமாங்க" என்றேன். சிரிப்பு வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னங்க கூத்து இது? எப்பப் பாரு, என் அம்மா இதைச் சொன்னா, என் அம்மா அதைச் சொன்னாங்கறா. யாருடின்னா உங்க பொண்ணு. நான் உக்காந்து அந்த காலேஜ் ஹிஸ்டரி பூராப் படிச்சேன். நானூறு வருஷத்துக்கு மேல பொண்ணுங்களையே சேர்க்கலியாம். அப்புறம் ஏதுங்க அம்மா?"

டப்பாவை மூடி வைத்தேன். என் குரலிலேயே எடிசனிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அவள் கோபம் சீக்கிரமே வடிந்துவிட்டது. "தப்பா நினைச்சுக்காதீங்க. வீடியோல சிரிக்கறா. ஆனா கண்ணு வீங்கின மாதிரி இருக்கு. கேட்டா தூக்கமில்லம்மாங்கறா. என்னமோ மறைக்கறா. உங்க பொண்ணு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

தினமும் முகம் கழுவிக்கொண்டு என்னோடு பேசிய என் மகளை நினைத்தேன். இந்த எடிசன் அம்மாவிடம் சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் டிக்கெட் போடுவாள். அந்தக் குழந்தை திரும்பி வந்துவிடும். என் மகள் இனி ஜென்மத்துக்கும் என்னிடம் எதையும் சொல்லமாட்டாள். சொல்லாவிட்டால், அந்தச் செம்பட்டை முடிக்காரி எனக்குச் செய்ததையே நான் இவளுக்குச் செய்கிறேன். எந்த இடத்துக்காக இரண்டு வருஷம் அவளைச் சபித்தேனோ, அந்த இடத்தில் இப்போது நான் காரை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன்.

"பெருசா ஒண்ணுமில்லைங்க. குளிரு, இருட்டு, கொஞ்சம் வீட்டு ஞாபகம். எம் பொண்ணு கூடவே இருக்கா, தனியா விடமாட்டா. அதுக்கு நான் பொறுப்புங்க" என்றேன். அது போதவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குப் போதாதே. நல்லதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. "நல்லா சாப்பிடறா. நேத்து எம் பொண்ணு ரசம் வெச்சிருக்கா. உங்க பொண்ணு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாளாம்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"ரசமா?" என்றாள். "எங்க வீட்ல ரசம்னா தட்டைத் தள்ளி விட்டுடுவா அவ. சின்னதுலேர்ந்தே. அவளுக்காக நான் ரசம் வைக்கறதையே விட்டுட்டேன்."

திராட்சையைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அது அவளுக்கு என்ன ஆறுதல்?

அந்தப் பக்கம் பேப்பர் எடுக்கிற சத்தம் கேட்டது. "எப்படி வைக்கணும்னு சொல்றீங்களா? அவ கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மிளகு எவ்வளவுங்க?"

சொன்னேன்.